ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு பேசாம இருந்ததால வந்த வினை, உங்க வீட்டுல நடந்திருக்கா?

நைட்ஷிப்ட்_ஆளு:
எங்கம்மாவும் என் வொய்ஃபும் பேசிக்கறதில்ல, ரெண்டு வருசமா. காரணம் கேக்காதீங்க, வளைகாப்புச் சீர்ல ஆரம்பிச்சது. "உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, பால்காரனுக்கு காசு குடுக்கணும்னு", அவ பக்கத்துலயே நிப்பா. ஐப்பசில ஒரு நாள் நான் டூட்டிக்கு போயிட்டேன். தாத்தாவோட ராத்திரி சுகர் மாத்திரை, கிளிமிபிரைடு, அம்மா ஏழு மணிக்கே குடுத்துட்டு படுத்துட்டாங்க. இவ எட்டரைக்கு, அத்தை மறந்திருப்பாங்கன்னு இன்னொண்ணு குடுத்திருக்கா. அவரு அன்னைக்கு ஒரே ஒரு இட்லிதான் சாப்பிட்டிருக்காரு. காலைல நான் வந்து பாத்தா பனியன் பிழிஞ்சா தண்ணி வரும், அவ்ளோ வேர்வை, என்னைப் பாத்து "யாருப்பா நீ"ங்கறாரு. குத்திப் பாத்தா 41. ஆஸ்பத்திரில டாக்டர் எத்தனை மாத்திரை குடுத்தீங்கன்னு கேட்டாரு. அம்மா "ஒண்ணு"ன்னாங்க. இவளும் "ஒண்ணு"ன்னா. ரெண்டு பேரும் என் மூஞ்சியப் பாத்துதான் சொன்னாங்க. தாத்தா தேறிட்டாரு, எனக்குதான் அந்த ரெண்டு "ஒண்ணு" இன்னும் காதுல கேக்குது.

மதுர_மாப்ள:
தப்பா எடுத்துக்காதீங்க ப்ரோ, நடுவுல போஸ்ட்மேன் வேலை பாத்தது நீங்கதான். முதல் மாசமே "நீயே போய் சொல்லும்மா"ன்னு விட்டிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது. நானும் யோக்கியன் இல்ல, அப்பாகிட்ட நாலு வருசம் பேசல. நெஞ்சு வலி வந்த ராத்திரி பக்கத்து ரூம்ல இருந்து எனக்கு மூணு மிஸ்டு கால். சுவத்துல தட்டியிருக்கலாம், கூப்பிட்டிருக்கலாம். போன் சைலன்ட்ல இருந்துச்சு.

டீச்சரம்மா_தேனி:
அவரு மேல பழி போடாதீங்க தம்பி, ரெண்டு பொம்பளைங்களுக்கு நடுவுல நின்னு பாருங்க தெரியும். எங்க மாமியாருக்கும் லோ சுகர் ஆகியிருக்கு, நல்லவேளை அரை மணி நேரத்துல சரியாச்சு. எல்லாருக்கும் சொல்றேன், 70க்கு கீழ போனாலே லோ தான். நினைவு இருந்தா மூணு ஸ்பூன் சர்க்கரைய தண்ணில கலக்கி குடுங்க, கால் மணி நேரம் கழிச்சு திரும்ப குத்திப் பாருங்க. நினைவு இல்லன்னா வாயில எதையும் ஊத்தாதீங்க, புரையேறிடும், 108க்கு அடிங்க. இந்த கிளிமிபிரைடு வகை மாத்திரைல ஒரு தடவ ஏறின சுகர் திரும்ப இறங்கும், அதனால தெளிஞ்சிட்டாருன்னு வீட்டுலயே வச்சுக்காதீங்க. மெடிக்கல் ஷாப்புல கிழமை போட்ட மாத்திரை டப்பா கிடைக்கும், அறை காலியா இருந்தா குடுத்தாச்சுன்னு அர்த்தம், யாரும் யாரையும் கேக்கவே வேணாம்.

சும்மா_வந்தேன்:
கேக்கவே வேணாம்ங்கறதுதானேக்கா வியாதியே? எங்க அப்பத்தா பேச்சுல கலந்துக்கல, திமிருன்னு எல்லாரும் ஒதுக்கி திண்ணைல சோறு வச்சோம். மூணு வருசம் கழிச்சு காது டெஸ்ட் எடுத்தா ரெண்டு காதும் பாதிக்கு மேல போயிருச்சாம். மிஷின் மாட்டின அன்னைக்கு அது முதல்ல கேட்டது, "இந்த ஃபேன் இவ்ளோ சத்தமாவா ஓடுது?"

நைட்ஷிப்ட்_ஆளு:
டீச்சரம்மா, டப்பா வாங்கியாச்சு. அதை யாரு ரொப்பறதுன்னு இப்ப ரெண்டு பேரும் என் மூலமா கேக்கறாங்க.