பரோலோ ஒயின்: ஒரே திராட்சை, ஒரே ஆண்டு, இத்தனை வேறுபாடு ஏன்?

கதிரவன்:
அனைவருக்கும் வணக்கம். இத்தாலியின் பீட்மாண்ட் மாநிலத்தில், ஆல்பா நகருக்குத் தென்மேற்கே உள்ள லாங்கே குன்றுகளில் விளையும் நெப்பியோலோ திராட்சையைக் கொண்டு மட்டுமே பரோலோ என்னும் சிவப்பு ஒயின் தயாரிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். அண்மையில் 2016ஆம் ஆண்டு அறுவடையின் இரண்டு பரோலோக்களை அடுத்தடுத்துச் சுவைத்தேன். லா மோர்ராவிலிருந்து வந்தது ரோஜா வாசமும் மென்மையும் கொண்டிருந்தது; செர்ராலுங்கா தால்பாவிலிருந்து வந்ததோ ஈறுகளை இறுக்கிப் பிடிக்கும் அளவுக்குத் துவர்த்தது. இந்த ஊர்களுக்கு இடையே சில கிலோமீட்டர் தொலைவுதான். அப்படியிருக்க, இந்த வேறுபாட்டுக்குக் காரணம் மண்ணா, தயாரிப்பவரின் முறையா? மேலும், இவ்வளவு துவர்க்கும் ஒயினின் நிறம் ஏன் இத்தனை வெளிறியிருக்கிறது?

முத்துக்குமரன்:
நிறத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நெப்பியோலோவின் தோலில் நிறமிகள் குறைவு. இருப்பவையும் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும். துவர்ப்பைத் தரும் டானின்களோ தோலிலும் விதையிலும் ஏராளமாக உள்ளன. ஆகவே நிறத்தைப் பார்த்துத் துவர்ப்பை எடைபோட முடியாது. சில ஆண்டுகளிலேயே கண்ணாடிக் கோப்பையின் விளிம்பில் செங்கல் நிறம் எட்டிப் பார்ப்பதும் அந்த நிறமிகள் ஆக்சிஜனேற்றம் அடைவதால்தான்.

மண்ணைப் பொறுத்தவரை, தாங்கள் சுவைத்த இரண்டும் இந்தப் பகுதியின் இரு துருவங்கள். ஆல்பாவிலிருந்து பரோலோ ஊருக்குச் செல்லும் பள்ளத்தாக்குச் சாலையை ஏறத்தாழ ஓர் எல்லைக்கோடாகக் கொள்ளலாம். மேற்கே லா மோர்ராவிலும் பரோலோ ஊரின் பெரும்பகுதியிலும் இருப்பது டோர்டோனியன் என்னும் புவியியல் காலகட்டத்தில் கடலடியில் படிந்த, நீலம் கலந்த சாம்பல் நிறச் சுண்ணாம்புக் களிமண். கிழக்கே செர்ராலுங்காவிலும் மோன்ஃபோர்த்தேயிலும் இருப்பது அதைவிடப் பழைய படிவு. மணற்கல் கலந்து இறுகிக் கிடப்பது, வளமும் குறைந்தது. மேற்கு மண்ணில் வாசனை மிகுந்து விரைவில் இளகும் ஒயினும், கிழக்கு மண்ணில் கட்டுறுதியும் துவர்ப்பும் மிகுந்து நெடுங்காலம் காத்திருக்கச் செய்யும் ஒயினும் கிடைக்கும் என்பது அங்கே தலைமுறைகளாக நிலவிவரும் அனுபவ அறிவு. எனவே என் விடை, மண் என்பதே.

தேன்மொழி:
முத்துக்குமரன் ஐயா கூறியதை மறுக்கவில்லை. ஆனால் மண்ணுக்கே முழுப் பெருமையையும் கொடுத்துவிட முடியாது என்பது என் உறுதியான கருத்து. லா மோர்ராவையே எடுத்துக்கொள்வோம். அங்கே எலியோ அல்தாரே என்ற இளைஞர், பிரான்சின் ஒயின் பகுதியான பர்கண்டிக்குச் சென்று பார்த்துவிட்டு வந்தபின், 1983இல் தம் தந்தையின் பழைய பெரிய மரப்பீப்பாய்களை இயந்திர ரம்பத்தால் அறுத்துத் தள்ளினார். தந்தை அவருக்குச் சொத்தில் பங்கில்லை என்று எழுதிவைக்கும் அளவுக்கு அது குடும்பத்தையே பிளந்தது. அவரும் அவரைப் போன்றவர்களும் தோலை வாரக்கணக்கில் சாற்றில் ஊறவைக்கும் பழைய வழக்கத்தைச் சில நாட்களாகக் குறைத்து, 225 லிட்டர் கொள்ளும் புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய்களில் ஒயினை முதிரவைத்தார்கள். விளைந்தது இளமையிலேயே அருந்தத்தக்க, வனிலா வாசம் ஏறிய பரோலோ. பரோலோ ஊரின் தயாரிப்பாளர் பர்த்தோலோ மஸ்கரெல்லோ போன்ற மரபுவாதிகள் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஆகவே அதே குன்றின் திராட்சை, யார் கையில் சேர்கிறது என்பதைப் பொறுத்து வேறு வேறு ஒயின் ஆகியிருக்கிறது. இன்று இரு தரப்பும் பெருமளவு நெருங்கி வந்துவிட்டன. புது ஓக்கின் வாசம் பல இடங்களில் அடங்கிவிட்டது.

இன்னொன்றையும் இங்கே பேசியாக வேண்டும். ஊருக்கு ஊர் வேறுபாடு என்பது புட்டியில் தெரியத் தொடங்கியதே அண்மைக் காலத்தில்தான். முன்பு பல சரிவுகளின் திராட்சையைச் சேர்த்து, ஒன்றின் குறையை மற்றொன்றால் நிரப்புவதே வழக்கமாக இருந்தது. 1961 அறுவடையில் ப்ருனோத்தோ நிறுவனம் புஸ்ஸியா தோட்டத்து ஒயினையும், வியெத்தி நிறுவனம் ரொக்கே தோட்டத்து ஒயினையும் தனித்தனியே புட்டியில் அடைத்தபோதுதான் ஒற்றைத் தோட்டத்து ஒயின் என்ற எண்ணம் அங்கே வேரூன்றத் தொடங்கியது. மஸ்கரெல்லோ இறுதிவரை பரோலோ ஊரின் கன்னூபி முதலிய தோட்டங்களோடு லா மோர்ராவின் திராட்சையையும் கலந்தே தயாரித்தார். அந்தக் கலவை மரபு மங்கிவருவது எனக்கு வருத்தமளிக்கிறது. ஒரு தோட்டத்தின் பெயரால் விலை கூடுமே தவிர, சுவை கூடியே தீரும் என்பதற்கில்லை.

இளவேனில்:
சரிவின் திசையை இருவரும் விட்டுவிட்டீர்கள். நெப்பியோலோ சீக்கிரம் துளிர்த்து, மிகத் தாமதமாக, பெரும்பாலும் அக்டோபரில்தான் பழுக்கிறது. எனவே தெற்கு, தென்மேற்குச் சரிவுகளின் மேற்பகுதியே அதற்கு ஒதுக்கப்படுகிறது. அறுவடைக் காலத்தில் லா மோர்ராவின் உச்சியில் நின்று காலையில் கீழே பார்த்தால், பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனியில் மூழ்கியிருக்க, கொடிகள் நிற்கும் மேற்சரிவுகள் மட்டும் வெயிலில் இருக்கும். வெயில் குறைந்த சரிவுகளில் பார்பேரா, தோல்செத்தோ என்னும் வேறு திராட்சை வகைகளின் கொடிகளும், ஹேசல் கொட்டை மரங்களும் நிற்கும். ஒரே தோட்டப் பெயருக்குள்ளும் சரிவு மாறினால் பழுக்கும் நாள் மாறிவிடும்.

கதிரவன்:
மிக்க நன்றி. செர்ராலுங்கா ஒயினில் இன்னொரு புட்டி வைத்திருக்கிறேன். எப்போது திறக்கலாம்?

முத்துக்குமரன்:
குறைந்தது 38 மாதங்கள், அவற்றில் 18 மாதங்கள் மரத்தில் முதிர்ந்த பின்னரே பரோலோ விற்பனைக்கு வரலாம். கூடுதல் காலம் முதிரவைக்கப்படும் ரிசர்வா என்ற வகை என்றால் 62 மாதங்கள். ஆனால் அது சட்டம் வைத்த கீழெல்லை மட்டுமே. 2016 மிகச் சிறந்த ஆண்டுகளில் ஒன்று. செர்ராலுங்காவின் துவர்ப்பு அடங்க இன்னும் பல ஆண்டுகள் கொடுப்பது நல்லது. வெப்பநிலை ஏறி இறங்காத குளிர்ந்த இருட்டில் படுக்கை வாட்டில் வையுங்கள். முன்னதாகவே திறக்க நேர்ந்தால், சில மணி நேரத்துக்கு முன்பே அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றிவைத்து, கொழுப்புள்ள இறைச்சியுடனோ நன்கு முதிர்ந்த பாலாடைக்கட்டியுடனோ அருந்துங்கள். அவற்றின் புரதம் டானினைப் பற்றிக்கொள்வதால் ஈறுகளில் அந்த இறுக்கம் வெகுவாகக் குறையும்.