புதுப்பிப்பு: தோட்டத்து ஏழு சுற்றுப் பாதை தயார்

வீட்டுக்குப் பின்னால், ஒரே வழியாக வளைந்து வளைந்து மையத்துக்குப் போகும் சுற்றுப் பாதை அமைக்கப் போகிறேன், வரம்புக்குச் செடியா கல்லா என்று முன்பு கேட்டிருந்தேன். கல் என்று சொன்னவர்களுக்கு நன்றி. செங்கல்லைத் தரைமட்டத்துக்குப் பதித்துவிட்டேன், கால் இடறுவதில்லை.

பொள்ளாச்சி அருகே கெடிமேட்டில் கற்களால் அமைந்த ஏழு சுற்றுப் பாதைதான் எனக்கு முன்மாதிரி. அது சதுரம், என்னுடையது வட்டம். வரம்புக் கோடுகளை வரைய, முதலில் ஒரு கூட்டல் குறி. அதன் நான்கு கட்டங்களிலும் மூலை நடுவைப் பார்க்கும்படி ஒரு ‘ட’ வடிவம், அதன் இரு கைகளுக்கிடையே ஒரு புள்ளி. கூட்டல் குறியின் மேல்முனையிலிருந்து தொடங்கி, இருபுறமும் உள்ள முனைகளையும் புள்ளிகளையும் வரிசையாக வளைத்து இணைத்தால், கோலம் போலச் சுற்றுகள் தாமாக விரிகின்றன. ஈர மண்ணில் கயிறு பிடித்துக் குச்சியால் கீறினேன்.

பலர் கேட்ட அளவு: பாதை 1.5 அடி அகலம், குறுக்களவு சுமார் 24 அடி, மையம் வரை நடை ஏறத்தாழ 300 அடி.

நடக்கும்போதுதான் இதன் அழகு புரிகிறது! வெளியிலிருந்து எண்ணினால் மூன்றாவது சுற்றில் நுழைகிறோம். இரண்டு, ஒன்று என வெளியே போய், நான்கைக் கடந்து நேராக ஏழுக்கு வருகிறோம். மையம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் பாதை ஆறுக்கும் ஐந்துக்கும் விலகிய பிறகே உள்ளே விடுகிறது. கிளைவழி கிடையாது, தொலையவும் முடியாது. அதனால் அம்மா மாலையில் தனியாகவே நிம்மதியாக நடக்கிறார்.

அடுத்து வெளிவிளிம்பில் துளசியும் திருநீற்றுப்பச்சிலையும் நடப்போகிறேன். உரசினால் மணக்கும் வேறு செடிகள் இருந்தால் சொல்லுங்கள்.