1/5 ஹரிக்கேன் ரேடியோ மாதிரி விமானம்: சீஜீ (சமநிலைப் புள்ளி) பின்னுக்கு நிற்கிறது, எவ்வளவு ஈயம் போடவேண்டும்?

ரேஸ்கோர்ஸ்258:

வணக்கம் அண்ணாமார். ஹோக்கர் ஹரிக்கேன், நுனிக்கு நுனி 244 செ.மீ, 60 சிசி பெற்றோல் எஞ்சின். 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பு ரேஸ்கோர்ஸ் ஓடுபாதையில் இருந்து எழும்பிய 258ஆவது ஸ்குவாட்ரனின் நிறத்தில் முடிக்க எண்ணம், பெயின்ற் இன்னும் அடிக்கவில்லை.

இறக்கையின் அகலம் நடுக்கோட்டில் 48, நுனியில் 24 செ.மீ. நுனியின் முன்விளிம்பு 6 செ.மீ பின்னுக்கு இருக்கிறது. பெற்றோல் தாங்கி காலி, சக்கரக் கால் விரித்தபடி, உடலை மட்டம் பார்த்து மூன்று தராசில் நிறுத்தேன். முன்சக்கரங்கள் இரண்டிலும் சேர்த்து 10.8 கிலோ, வாலில் 0.9 கிலோ. முன்சக்கர அச்சில் இருந்து வால் சக்கரம் 130 செ.மீ. அச்சு, நடுக்கோட்டு முன்விளிம்பில் இருந்து 4.5 செ.மீ பின்னே. பிளானில் சீஜீ 12 செ.மீ என்று போட்டிருக்கிறது. தலா 150 கிராம் பற்றரி இரண்டும் கொக்பிற்றுக்குப் பின்னால்.

எவ்வளவு ஈயம், எங்கே? முதல் பறப்பில் எதை எந்த ஒழுங்கில் பார்ப்பது?

ஈயக்குண்டு:

முதலில் அந்த 12 சரியா என்று பாருங்கோ. நுனி அகலம் நடுவின் பாதி, ஆகவே சராசரி நாண் (இறக்கையின் முன்-பின் அகலம்) 37.3 செ.மீ. அது நடுக்கோட்டில் இருந்து 54 செ.மீ தள்ளி விழும். அந்த இடத்தில் முன்விளிம்பு 2.7 செ.மீ பின்னுக்கு நிற்கிறது. நாணின் 25 வீதம் 9.3. கூட்டினால் 12.0. பிளான் சரி.

உங்கள் விமானம்: 0.9 × 130 = 117. மொத்த நிறை 11.7ஆல் பிரித்தால் 10. அதாவது சீஜீ அச்சுக்கு 10 செ.மீ பின்னால், முன்விளிம்பில் இருந்து 14.5. நாணில் கிட்டத்தட்ட 32 வீதம். இப்படியே எழுப்பினால் எலிவேற்றரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தட்டு) தொட்டவுடன் மூக்கு பாயும், வேகம் குறைந்ததும் ஒரு இறக்கை விழுந்து சுழலும். தயவுசெய்து இந்த நிலையில் பறக்க விடாதீங்கோ.

2.5 செ.மீ முன்னுக்குக் கொண்டுவர 11.7 × 2.5 = 29 கிலோ-செ.மீ தேவை. ஃபயர்வோல் (எஞ்சின் பூட்டும் முன் தடுப்பு) சீஜீக்கு 45 செ.மீ முன்னே என்றால் 650 கிராம் ஈயம். அவ்வளவையும் போடவேண்டியதில்லை. பற்றரி இரண்டையும் எஞ்சின் பெட்டிக்குக் கீழே 60 செ.மீ முன்னுக்கு நகர்த்துங்கோ, 18 போய்விடும். வால் சக்கரத் தாங்கி இரும்பு என்றால் அலுமினியத்துக்கு மாற்றுங்கோ. 60 கிராம் குறைந்தாலே இன்னொரு 7. மிச்சம் 4, அதற்கு 90 கிராம் ஈயம் போதும்.

வாலில் ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் 2.7 கிராம் கட்டவேண்டும். அதனால்தான் பெயின்ற் அடிக்காமல் கேட்டது நல்லது. உண்மையான ஹரிக்கேனின் பின்னுடல் துணிதான். நீங்களும் துணி போர்த்தி மெல்லிசாக அடியுங்கோ. ஃபைபர்கிளாஸ் வேண்டாம்.

வெள்ளவத்தைச் சிறகு:

மேலே உள்ள கணக்குச் சரி, ஒரு திருத்தம். ஹரிக்கேனின் கால் உட்பக்கமாக மட்டுமல்ல, பின்பக்கமாகவும் மடியும். சக்கரமும் காலும் சேர்த்து இரண்டு பக்கமும் 500 கிராம், 5 செ.மீ பின்னே போகிறது என்று வைத்தால் சீஜீ 2 மி.மீ பின்வாங்கும். ஆகவே கால் விரித்த நிலையில் சீஜீயை 11.8க்குக் கொண்டுவாருங்கள். ஈயம் 90 அல்ல, 140 கிராம்.

வால் தராசில் 20 கிராம் பிழைத்தாலே சீஜீ 2 மி.மீ நகரும். வாலை உயர்த்த வைத்த ஸ்ரூலின் நிறையைக் கழித்தீர்களா? அச்சின் தூரத்தைத் தூக்குக்குண்டு விட்டு அளந்தீர்களா? உடல் சரிந்திருக்கும்போது அளந்த 4.5, மட்டத்தில் 4.5 ஆக இராது. பெயின்ற் காய்ந்தபின் எல்லாவற்றையும் மறுபடி நிறுங்கள்.

ஈயத்தை ஒட்டாதீர்கள். எஞ்சின் அதிர்விலும் எண்ணெய்க் கசிவிலும் ரயர் கடையில் கிடைக்கும் ஒட்டு ஈயத்தட்டு கழன்று கவுளுக்குள் (எஞ்சின் மூடி) உருளும். மீன்பிடிச் சாமான் கடை ஈயக்குண்டைத் தட்டையாக அடித்துத் துளைத்து, வாஷர் வைத்து, ஃபயர்வோலில் இரண்டு போல்ட் போட்டு இறுக்குங்கள்.

பக்கச் சமநிலையையும் பாருங்கள். புரொபெல்லர் தண்டிலும் றடரின் (வாலின் செங்குத்துத் தட்டு) அடியிலும் கயிறு கட்டித் தூக்கினால் சைலன்சர் இருக்கும் பக்கம் பெரும்பாலும் சரியும். எதிர் இறக்கை நுனியில் 20, 30 கிராம் போதும்.

ரேஸ்கோர்ஸ்258:

ஸ்ரூலைக் கழித்தேன். அச்சைத் தூக்குக்குண்டு விடாமல் அளந்தேன், திரும்ப அளக்கிறேன். சீஜீ சரியா என்று பறப்பில் எப்படித் தெரியும்?

அரைத்துரொட்டில்:

முதல் பறப்புக்கு எலிவேற்றர் மேலும் கீழும் 10 பாகை, எக்ஸ்போ (குச்சியின் நடுவில் அசைவை மென்மையாக்கும் அமைப்பு) 30 வீதம். ஃபெயில்சேஃப்பில் (ரேடியோத் தொடர்பு அறுந்தால் தானே வரும் நிலை) துரொட்டில் ஐடில் (மிகக் குறைந்த ஓட்டம்) என்று உறுதி செய்யுங்கள், எஞ்சின் ஓடும்போதே ரேடியோ எட்டும் தூரத்தைப் பாருங்கள். துரொட்டிலை 4, 5 செக்கனில் மெதுவாகத் திறந்து வலது றடர் கொடுங்கள், இல்லையேல் இடப்பக்கம் இழுக்கும்.

100 மீற்றர் உயரம் எடுத்து, கால் மடித்து, அரைத் துரொட்டிலில் கை விட்டாலும் நேராகப் போகும்வரை ட்ரிம் (குச்சியின் நடுநிலைத் திருத்தம்) செய்யுங்கள். பிறகு துரொட்டிலை ஐடிலுக்கு எடுத்து, 30 பாகை சரிவில் இறக்கி, எலிவேற்றரை விடுங்கள். மெதுவாகத் தானே நிமிர்ந்தால் நல்லது. சட்டென்று நிமிர்ந்தால் மூக்குப் பாரம்: மேல் ட்ரிம் கொடுத்துச் சமாளித்து வருகிறீர்கள், வேகம் கூட அந்த ட்ரிம்மின் வலு கூடுகிறது. இன்னும் செங்குத்தாக மடிந்தால் வால் பாரம், உடனே எடுத்து இறங்குங்கள். செங்குத்து டைவில் இதைச் செய்யவேண்டாம், பெரிய எலிவேற்றர் படபடக்கத் தொடங்கினால் பிய்ந்துவிடும்.

மூக்குப் பாரம் என்றால் 80 கிராம் கழற்றுங்கள், 3 மி.மீ பின்னுக்கு வரும். ஒரு பறப்புக்கு ஒரு மாற்றம்தான். அதே நாளில் எஞ்சின் கோணத்தையும் தொட்டால் எது எதைச் செய்தது என்று தெரியாது. துரொட்டில் கூட்டும்போது மட்டும் மூக்கு எழும்பினால் அது சீஜீ அல்ல, எஞ்சினின் கீழ்க்கோணம் போதாது.

ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்புத் தட்டு) அதே உயரத்திலேயே முதன்முதல் இறக்குங்கள், அதை அசைக்கும் சேர்வோ மோட்டர் 3 செக்கன் எடுக்கட்டும். மூக்கு எழும்பினால் ஃபிளாப்போடு தானே சேரும்படி கீழ் எலிவேற்றர் மிக்ஸ் கொடுங்கள். கால், ஃபிளாப் இரண்டும் விரித்தபடி வேகத்தைக் குறைத்து எந்த இறக்கை விழுகிறது என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். தரையிறங்கிய பின் கிளெவிஸை (தள்ளுகம்பி நுனிக் கொளுவி) திருகி, ட்ரிம்மை நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

இடத்துக்கான அனுமதியை முன்கூட்டியே எடுங்கள். இரத்மலானை ஓடுபாதைப் பக்கம் வேண்டவே வேண்டாம்.