எறும்புத் தொல்லை: உடனே ஒரு வழி சொல்லுங்கள்

தண்டையார்பேட்டை_மாடி: வணக்கம். மாடியிலுள்ள செடியில் எறும்புகள் ஏறி மொட்டுகள் எல்லாம் உதிர்கின்றன. தொட்டியைச் சுற்றி எறும்புப் பொடி தூவியும் மறுநாள் காலையில் மீண்டும் சாரை சாரையாக வந்துவிடுகின்றன. அவசரம்.

ராயபுரம்_ரோஜா: என்ன செடி என்று சொல்லவில்லையே? எறும்பு கறுப்பா, சிவப்பா? மொட்டுக் காம்பில் பஞ்சு போல ஏதேனும் ஒட்டியிருக்கிறதா?

பழைய_வண்ணை: கோளாறு மண்ணில்தான் இருக்கும். வேப்பம் புண்ணாக்கு கலந்துவிடுங்கள்.

பூச்சி_நோக்கர்: செடியின் பெயரைக்கூட எழுதாமல் அவசரம் என்பவர்களுக்கு நான் வழக்கமாகப் பதில் எழுதுவதில்லை. எறும்பு உங்கள் மொட்டைத் தின்னவில்லை. செடிச் சாற்றில் சர்க்கரை மிகுதியாகவும் மற்ற சத்து குறைவாகவும் இருப்பதால், பஞ்சு போல ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சியும் செடிப்பேன் எனப்படும் அசுவினியும் ஏராளமாக உறிஞ்சிவிட்டு மிஞ்சிய இனிப்பைச் சொட்டுகளாக வெளியேற்றுகின்றன. அதைக் குடிக்கும் எறும்பு, அதற்குக் கூலியாக, அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டையும் அவற்றின் உடலில் முட்டையிட வரும் சிறு குளவியையும் விரட்டுகிறது.

தண்டையார்பேட்டை_மாடி: அடுக்குச் செம்பருத்தி. கறுப்பு எறும்பு, கடிப்பதில்லை. பிள்ளையார் எறும்பைக் கொல்லாதே என்று அம்மா வேறு தடுக்கிறார். பஞ்சு இருக்கிறது. சிலவற்றை நசுக்கினேன்.

ராயபுரம்_ரோஜா: நசுக்குமுன் ஈர்க்குச்சியால் தொட்டுப் பாருங்கள். கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் புழுவும் வெண்மெழுகு இழைகளோடு மாவுப்பூச்சி போலவே இருக்கும். விறுவிறுவென்று நகர்ந்தால் விட்டுவிடுங்கள், அது மாவுப்பூச்சியைத் தின்ன வந்தது.

பழைய_வண்ணை: மாவுப்பூச்சியைக் கொண்டுவருவதே எறும்புதான்.

பூச்சி_நோக்கர்: 2008-இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகத் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியை எறும்பா கடல் கடந்து சுமந்து வந்தது? 2010-இல் வெளிநாட்டிலிருந்து தருவித்த அசிரோஃபேகஸ் குளவிதான் அதை அடக்கியது.

பழைய_வண்ணை: நான் கடலைப் பற்றிப் பேசவில்லை ஐயா. கிளை விட்டுக் கிளைக்கு எறும்பு மாவுப்பூச்சிக் குஞ்சுகளைத் தூக்கிச் செல்வதை என் வெண்டைச் செடியில் கண்ணால் கண்டிருக்கிறேன்.

பூச்சி_நோக்கர்: அது உண்டு, மறுக்கவில்லை. புரதம் தேவைப்பட்டால் தான் மேய்க்கும் அசுவினியையே எறும்பு தின்பதும் உண்டு.

ராயபுரம்_ரோஜா: கேட்டவரை மறந்துவிட்டீர்கள். தம்பி, அகலத் தட்டில் செங்கல் வைத்து, அதன்மேல் தொட்டியை வைத்து, தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். வெறும் தண்ணீரென்றால் கொசு முட்டையிடும். எறும்பைக் கொல்லவும் வேண்டாம், அம்மாவிடம் திட்டு வாங்கவும் வேண்டாம்.

தண்டையார்பேட்டை_மாடி: நான்கு நாளாகத் தட்டு வைத்தும் எறும்பு குறையவில்லை. இன்று பார்த்தால், ஒரு கிளை துணிக்கொடியில் சாய்ந்திருக்க, கொடி வழியாகவே வந்து போய்க்கொண்டிருந்தன. கிளையை வெட்டிவிட்டேன். குச்சியால் தொட்டதில் மூன்று ஓடின. நன்றி.