‘பிளெக்சிபிலிட்டி’க்கு ‘நுடக்கம்’: ஒரு முன்மொழிவு

மதிப்பிற்குரிய ஐயாவுக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம்.

நுண்துல்லிய இயந்திரங்களின் அசைவைக் கட்டுப்படுத்துவதற்காக, அதைக் கணித வடிவில் மாதிரியுருவாக்கும் துறையிலும் ‘பிளெக்சிபிலிட்டி’யை ‘நெகிழ்வு’ என்றே வழங்கலாம் என ஐயா எழுதியிருந்தீர்கள். பொது வழக்குக்கு அது போதும். இத்துறைக்குள் கொண்டுவர எனக்குத் தயக்கம் உண்டு. ‘நெகிழி’ பிளாஸ்டிக்குக்கு உரியதாகிவிட்டது. நெகிழ்ந்தது என்றால் கட்டுத் தளர்ந்தது என்றே வாசகர் கொள்வார். நாம் பெயரிட விரும்புவதோ, இறுகப் பூட்டிய உலோகத் தகடு விசை பட்டதும் மிகச் சிறிதளவு வளைந்து, விசை நீங்கியதும் மீண்டு, மீளும் வேகத்தில் தன் நிலையைக் கடந்து அதிரும் இயல்பை.

திருகோணமலைத் துறைமுகக் கரையில் மாலையில் தூண்டில் போடுபவரைக் கவனித்தால் சிக்கல் விளங்கும். கை நின்ற பின்னும் தடியின் நுனி ஆடிக்கொண்டே இருக்கும். இயந்திரத்திலும் அப்படியே: மோட்டர் அடியிலும், நிலையை அளக்கும் உணரி நுனியிலும் இருந்து இடைப்பகுதி வளையுமானால், அது தானாக அதிரும் மீடிறனை (அதிர்வெண்ணை), அதாவது இயல்பு மீடிறனை, அசைவு கடந்ததும் நுனி அடிக்கு எதிர்த்திசையில் அசையும். திருத்துவதற்காகக் கொடுக்கும் விசையே அப்போது அதிர்வை வளர்த்துவிடக்கூடும். உலோகத்தில் அதிர்வை அடக்கும் தணிப்பும் குறைவு: தணிப்பு விகிதம் 0.01 எனில், அதே அளவு நிலையான விசை தரும் வளைவைப்போல் 50 மடங்கு அசைவு, விசையின் மீடிறன் இயல்பு மீடிறனோடு ஒன்றும் பரிவின்போது தோன்றும். விறைப்பை, அதாவது வளைய மறுக்கும் தன்மையை, கூட்டித் தப்புவதும் எளிதன்று. மீடிறனை இரு மடங்காக்க, திணிவு கூடாமல் விறைப்பை நான்கு மடங்காக்க வேண்டும். 1990 இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் சூரியப் பலகைகள், பூமியின் நிழலுக்குள் போய்வரும் ஒவ்வொரு முறையும் வெப்பநிலை மாறியதால் அதிர்ந்து பார்வையை நடுங்கச் செய்ததும், 1993 இல் அவற்றை மாற்ற நேர்ந்ததும் இதே இயல்பால்தான்.

குழுமத்தில் சகோதரி ஒருவர் இதற்கு முன்வைத்த ‘துவள்வு’ அழகான சொல். ஆயினும் துவண்ட கொடி தானாக நிமிர்வதில்லை. சோர்வும் வாட்டமும் அச்சொல்லோடு ஒட்டியிருக்கின்றன. ‘நுடங்கு’ என்னும் வினையில் வளைதலும் அசைதலும் ஒன்றாக இருக்கின்றன. சங்கப் பாடல்களில் தேர்க்கொடி நுடங்கும். அது வளையும், மீளும், மறுபடி வளையும். ஆகவே ‘நுடக்கம்’ என்பதை முன்மொழிகிறேன். எங்கள் பாடநூல்களில் உள்ள ‘விறைப்பு’க்கு அது நேர் எதிர்நிலையாக நிற்பதோடு, பிற சொற்களையும் ஈனும். தகடு வளைந்தே திரும்பும் மூட்டை ‘நுடங்கு பிணைச்சல்’ எனலாம். தமிழகத்தார் விரும்பினால் ‘நுடங்கு கீல்’ என்க. ‘கொம்ப்ளையன்ஸ்’ என்பதை ‘இணக்கம்’ என்று பெயர்த்திருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது, ஏனெனில் அது மனிதர் உடன்பட்டுப் போவதைக் குறிக்குமேயன்றி, ஒரு நியூற்றன் விசைக்கு எத்தனை மீற்றர் விலகல் என்னும் அளவைக் குறிக்காது. அவ்வளவுக்கு ‘நுடங்குமை’ என்ற சொல் பொருந்தும்.

பழஞ்சொல் மாணவர் நாவில் வருமா என்ற ஐயம் நியாயமானதே. ‘மீடிறன்’ என்ற சொல்லையும் நாங்கள் பாடசாலையில்தான் முதன்முதலில் கேட்டோம். இன்று அதைத் தயக்கமின்றிச் சொல்கிறோம்.

ஒன்றில் மட்டும் எனக்குத் தெளிவு பிறக்கவில்லை. ஒவ்வோர் இயல்பு மீடிறனிலும் அதிரும்போது தகடு கொள்ளும் வளைவின் வடிவத்தை ‘நுடங்கு பாங்கு’ என்பதா, ‘நுடங்கு வடிவு’ என்பதா? தகட்டின் படத்தை வரைந்து கற்பிப்பவர்கள் இதற்கு விடை எழுதினால் நன்று.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து ஓர் ஆசிரியர்