பழைய நூலகத்த இடிச்சு பெருசாக்குனப்போ உங்க ஊர்ல என்ன நடந்துச்சு?

பொருநைக்கரையான்:
எங்க கிளை நூலகம் தெரியும்லா, மங்களூர் ஓடு, முன்னால திண்ணை. இப்போ திண்ணைய எடுத்துட்டு ஹால இழுத்துக் கட்டி கண்ணாடிக் கதவு, ஏசி எல்லாம் போட்டாச்சு. நல்லாத்தான் இருக்கு. தொறந்த வாரம் எங்க தெரு அக்கா, பீடி சுத்துதவ, கடையில பீடிய போட்டுட்டு நேரா வந்தா. முன்னெல்லாம் திண்ணையிலயே உக்காந்து பாதி கதைய முடிச்சிட்டுத்தான் எந்திரிப்பா. அன்னைக்கு கதவுகிட்டயே நின்னுட்டா. உள்ள வாங்கக்கான்னேன். "பொகையில வாடை ஏசிக்குள்ள நிக்கும்டே, படிக்குத பிள்ளைய மூக்கப் பொத்தும்"னுட்டு கதவ ஒரு சாண் தொறந்து புக்க நீட்டுதா, "இதே மாதிரி இன்னொன்னு எடுத்துட்டு வா"ங்கா. உள்ள அடையாளத்துக்கு வெட்டுன பீடி எல ஒண்ணு வச்சிருந்தா.

டவுண்காரன்:
அதுக்கு ஏசி வேண்டாங்கியளா? குரூப் 4க்கு படிக்குதவன்ட்ட கேட்டுப் பாரும், மே மாசம் ஓட்டுக்கடியில உக்காந்தா தெரியும். எங்கள்ல 2023 டிசம்பர் வெள்ளத்துல கீழ் ரேக் பூரா ஊறிப்போச்சு, இப்போ மாடி எடுத்து புக்கெல்லாம் மேல ஏத்திட்டாவ. படி ஏற முடியாத பெரியவங்க கீழ பேப்பரோட சரி. எல்லாருக்கும் தோதா ஒரு கட்டடம் கட்ட முடியாது வே.

பாளை இன்ஜினியர்:
எங்க பக்கத்து நூலகத்துலயும் வேல நடந்துச்சு, ஒரே வருசத்துல செவரு பொரிஞ்சு உதிருது. யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்லுதேன். பழைய சுண்ணாம்புச் செவத்து மேல சிமெண்ட் பூசாதீங்க, உள்ள ஈரம் வெளிய வர வழியில்லாம பூச்ச தள்ளிவிட்ரும், திரும்ப சுண்ணாம்புதான் பூசணும். ரேக்க செவத்த ஒட்டிப் போடாம கொஞ்சம் தள்ளிப் போடணும், இல்லன்னா பின்னால செல்லு, அதான் கரையான், ஏறுறது கண்ணுக்கே தெரியாது. படிக்குப் பக்கத்துல சாய்தளம் போட்டா 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் விடணும், எங்கள்ல போட்டிருக்கது வீல் சேர் இல்ல, ஆடு கூட ஏறாது.

மேலப்பாளையத்தா:
டவுண்காரன், வீட்டு வரியில ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி அந்த அக்கா வீட்லயும்தான் பிடிக்கான். நூலக வரிங்கதே 1948 சட்டத்துலருந்து இருக்கு. பெரியவங்கள "பேப்பரோட சரி"ன்னு சொல்லுதீயளே, கீழ ஒரு ரேக் வைக்க இடமா இல்ல?

பொருநைக்கரையான்:
ஏசி வேண்டாம்னு நான் எங்கவே சொன்னேன். கதவுக்கு வெளிய ரெண்டு பெஞ்சு, ஒரு ஃபேன், அவ்வளவுதான் கேட்டோம். எஸ்டிமேட்ல இல்லங்காவ.