பச்சைப்பெருமாள் விதையைக் குடுக்கலாமா?

பெரியப்பா: புள்ளையள், நேத்து ரெண்டு பேர் வந்து நம்மட பச்சைப்பெருமாள் விதைநெல்லு ஒரு கிலோ கேட்டாங்க. மரபணு பாக்கவாம். கடிதம் ஒண்டுமில்ல. நான் குடுக்கல்ல. காப்புரிமை எடுத்துப்போட்டு நம்மளயே விதைக்காதீங்க எண்டுவாங்களோ?

சித்தி: நல்ல வேலை அத்தான். அம்மா காலத்து விதை அது.

கவி: பெரியப்பா, நம்மட நாட்டில அது ஏலாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில செடிக்கும் விலங்குக்கும் காப்புரிமை இல்ல. மரபணு மாத்தின நுண்ணுயிருக்குக் குடுக்கலாம்.

பெரியப்பா: அப்ப பயமில்லயா மனே?

கவி: இரிக்கு. காப்புரிமை நாட்டுக்கு நாடு வேற. அமெரிக்காவில மார்புப் புற்றுநோய் மரபணு வழக்கு நடந்த. உடம்பில இரிக்கிற மரபணுவைப் பிரிச்செடுத்ததுக்காக அது கம்பனிக்குச் சொந்தமாகாது எண்டு 2013ல உச்ச நீதிமன்றம் சொன்ன. ஆனா ஆய்வுகூடத்தில செஞ்ச சிடிஎன்ஏ எண்ட மரபணுப் பிரதிக்குக் குடுக்கலாமாம். நம்மட வட்டையில விதைக்கிறத ஆரும் மறிக்க ஏலாது. நம்மட நெல்லுல பிடிச்ச குணத்தை வேற பயிருக்குள்ள வைச்சு அங்க காப்புரிமை கேட்டா, லாபத்தில நமக்கு ஒரு சதமும் வராது.

சித்தி: அம்மா புண்ணுக்கு மஞ்சள் பூசினதையும் கேப்பாங்க போல!

கவி: கேட்டாங்க சித்தி, 1995ல அமெரிக்காவில குடுத்தும் போட்டாங்க. இந்தியா எதிர்த்து 1997ல ரத்தாக்கின. வெளிநாட்டுச் சனம் காலங்காலமாச் செஞ்சு வாறது அண்டைக்கு அமெரிக்கச் சட்டத்தில சாட்சியே இல்ல, எழுத்து வேணும். சமஸ்கிருத நூல்களும் 1953ல வந்த ஒரு கட்டுரையும் இருந்ததால தப்பின. அம்மம்மா சொன்னதுக்கு எங்க எழுத்து? நினைச்சா நெஞ்சு எரியுது.

சித்தி: இப்பயும் அப்படித்தானா?

கவி: இல்ல, 2013ல மாத்திட்டாங்க. நம்மட சட்டத்திலயும் வாயால சொன்னது, பாவிச்சது எல்லாம் கணக்கு. ஆனா வழக்கெண்டு வந்தா என்னத்தைக் காட்டுற?

பெரியம்மா: நான் சொல்றன், எழுது மனே. மூணரை மாசத்தில அறுப்பு. சிவத்த அரிசி. அம்மா சீதனக் காணியோட தந்த விதை. மழை பிந்தின வருசமும் கைவிடல்ல.

கவி: திகதி போட்டு எழுதுறன் பெரியம்மா. இன்னும் சொல்லுங்க.

பெரியப்பா: வெள்ளிக்கிழமை திரும்ப வாறாங்களாம்.

கவி: எந்த இடத்து ஆக்கள், விதை எங்க போகுது, என்னத்துக்கு, காப்புரிமை கேட்டா நமக்கு என்ன பங்கு எண்டு எழுத்தில கேளுங்க. கையெழுத்து இல்லாம ஒரு மணியும் குடுக்காதீங்க.

பெரியப்பா: நீயும் வந்து பக்கத்தில இரி மனே. எனக்கு அவங்கட பேச்சு விளங்காது.

கவி: வியாழன் பின்னேரமே வாறன்.